அடுப்பா, அவனா

...அப்படியும் அணைக்க மாட்டேன் என்கிறான், படகு ஹீட்டர் பார்க்கிற ரோஸ் வருகிறாள், வரும்போது குளிர்காயும் அடுப்பு ஆறியிருக்க வேண்டும், கைவைத்துப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று நேற்றே போனில் சொன்னாள், நானும் இவன் காதில் போட்டேன், ஒரு தடவை இல்லை, சாப்பிடும்போது ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை, காலையில் எழுந்து வந்தால் இந்த மனுஷன் முழங்காலில் உட்கார்ந்து கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான், ஏதோ பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி அவ்வளவு பக்குவமாக. என்ன நார்மன் இது என்றால், "அடுப்பு உள்ள இருக்கு டில்லிஸ், அது பாட்டுக்கு இருக்கட்டும், அவ மேலால பார்த்துட்டுப் போகட்டும்" என்கிறான். அடுப்பு உள்ளே இருக்கிறது. இந்தக் கால்வாய்ப் படகுக்காரர்கள் பேச்சே இப்படித்தான், நெருப்பு எரிகிறது என்று சொல்ல மாட்டார்கள், உள்ளே இருக்கிறது என்பார்கள், அணைந்துவிட்டால் வெளியே போய்விட்டது என்பார்கள், வீட்டு ஆள் மாதிரி. அக்டோபரில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பி வைக்கிற ஞாயிற்றுக்கிழமை பற்றவைத்தால் ஏப்ரல் வரைக்கும் ஒரே நெருப்பு, ஒரே தீக்குச்சி, அதுதான் இவர்களுக்குப் பெருமை, பப்பில் போய் உட்கார்ந்தால் உன்னுது உள்ளே இருக்கா, என்னுது உள்ளே இருக்கு, இதே பேச்சு. படகில் குடியேறி மூன்றாம் குளிர்காலம்தான் ஆகிறது, அதற்குள் பாட்டன் காலத்திலிருந்து கரிப்படகு ஓட்டியவன் மாதிரி என்ன ஒரு மிதப்பு... வால்சாலில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், நினைவிருக்கட்டும்.

நெற்றிப்பொட்டில் அடிக்க ஆரம்பித்துவிட்டது, காலையிலேயே. எழுந்தவுடன் இருப்பதில்லை, பின் அறையில் என் படுக்கையில் கிடக்கும்வரை குளிர்தான், மூக்கு நுனி விறைத்துப்போகும், ஆனால் தலை சும்மா இருக்கும், முன்னால் வந்து இவன் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கப் தேநீர் குடிப்பதற்குள் பிடித்துக்கொள்ளும், வயிற்றைப் புரட்டும், இவன் ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற சத்தம்கூட எலும்பைச் சுரண்டும். ஊருக்குள் துணி துவைக்கிற கடைக்குப் போனால் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்தால் இல்லை. பஸ்ஸில் ஏறும்போதே, ஆமாம் ஏறும்போதே, யாரோ மண்டையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும். இதற்கு ஒரு டாக்டரிடம் போய்க் காரணம் கேட்க வேண்டுமா என்ன? அவன் இருக்கிற இடத்தில் வலிக்கிறது, அவன் இல்லாத இடத்தில் வலிக்கவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டுவிடும். அதைத்தான் அக்கா மென்னாவிடமும் சொன்னேன், அவள் ரில் என்கிற ஊரில் கடலைப் பார்த்த மாடியில் தனியாக இருக்கிறாள், ஒரு அறை காலி, "அப்ப வந்துடு டில்லி, இன்னும் எதுக்கு அவன்கூடக் குப்பை கொட்டிக்கிட்டு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, இவனிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது, இவன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தே எத்தனை நாளாகிறது... இவன் அடுப்பைப் பார்க்கிறான், நான் அவன் முதுகைப் பார்க்கிறேன். இரவு படுப்பதுகூட அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில்தான், நெருப்பைக் கவனிக்க வேண்டுமாம். கட்டிய பெண்டாட்டி பின்னால் விறைத்துக்கொண்டு கிடக்கிறாள், அவளைக் கவனிக்க ஆள் இல்லை.

ரோஸைக் கூப்பிட்டதுகூட நானாக இல்லை, பக்கத்துப் படகு மேரியனால் வந்தது. போன வாரம் தேநீருக்கு வந்தாள், இவன் அடைத்து வைத்திருந்த கதவுக்குள் சற்று நேரம் உட்கார்ந்தாள், எழுந்திருக்கும்போது தடுமாறினாள். "என்னடி இது, மண்டை விண்ணு விண்ணுனு தெறிக்குது எனக்கு. உங்க அடுப்பை யாராச்சும் பார்த்தாங்களா?" நார்மன் சிரித்தான். "உனக்கு வயசாகுது மேரியன், அதான்." "எனக்கு வயசாகறது இருக்கட்டும், நீ அந்த வயசுக்கு வந்து சேர்றியான்னு பாரு," என்று அவளும் விடவில்லை. கரைக்குப் போனவள் படகு ஹீட்டர் வேலை பார்க்கிற ரோஸின் போன் நம்பரை என் கையில் எழுதிக் கொடுத்தாள். அப்போதுகூட நான் என்ன நினைத்தேன்? அட, மேரியனுக்கும் அவனைப் பார்த்தாலே தலை வலிக்கிறது, எனக்கு மட்டும் இல்லை, என்றுதான் நினைத்தேன், உள்ளுக்குள் ஒரு திருப்திகூட. அந்த நம்பருக்குப் போன் போட்டது வேறு காரணத்துக்கு. நான் போன பிறகு இவன் தனியாக இருப்பான், யாரும் பார்க்காமல் ஏதாவது ஆகித் தொலைந்தால் ஊர் என் தலையைத்தான் உருட்டும்... அந்தக் காரணம்தானா? சரி, அந்தக் காரணம் என்றே இருக்கட்டும். போகிறவள் சுத்தமாகப் போக வேண்டும், பின்னால் திரும்பிப் பார்க்கிற மாதிரி எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

வந்துவிட்டாள், அவள் பூட்ஸ் படகின் ஓரத்தில் ஏறியதும் கேபின் லேசாகச் சாய்ந்தது, கட்டையான உடம்பு, குட்டை முடி, இரண்டு காதிலும் வளையம் வளையமாக. "காலை வணக்கம் கண்ணுகளா," என்று படி இறங்கினாள், இந்தப் பக்கத்தில் பால்காரனிலிருந்து பாதிரியார்வரை எல்லோருக்கும் எல்லோரும் கண்ணுதான். கதவுகளை நார்மன் ஏற்கெனவே சாத்தி வைத்திருக்கிறான், காற்று வருமாம். "அடுப்பை அணைச்சு வைக்கச் சொன்னேனே?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் காற்றை அளக்கிற ஒரு மீட்டரை எடுத்தாள், நார்மன் ஆரம்பித்தான், இது அணையவே இல்லை ரோஸ், கடிகாரம் மாத்தின நாள்லேர்ந்து, ராத்திரி கதவை இறுக்கி மூடி காத்தைக் குறைச்சு வெச்சா மெதுவா கனன்னுக்கிட்டே... மீட்டர் கத்தியது. கத்தல் என்றால் அப்படி ஒரு கத்தல், நான் பிடித்திருந்த கப்பிலிருந்து தேநீர் மடியில் சிந்திவிட்டது. ரோஸின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "வெளிய. ரெண்டு பேரும் வெளிய. இப்பவே. கோட்டெல்லாம் அப்புறம்." இரண்டு பக்கக் கதவையும் உதைத்துத் திறந்தாள், உதைத்துத்தான். கரைப்பாதையில் நின்றோம், பனியும் மழையும் கலந்து ஏதோ ஒன்று கன்னத்தில் அடித்தது, நான் செருப்புக் காலோடு, அவன் தோள்பட்டி தொங்க. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், சிவந்த கரியை எல்லாம் சாம்பல் வாளியில் வாரிக்கொண்டு வந்து ஈரப் புல்லில் கொட்டினாள், புஸ்ஸென்று ஒரு சத்தம், ஆவி, அவ்வளவுதான், நார்மனுடைய நெருப்பு வெளியே போய்விட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன், எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இருந்தது, கொஞ்சம்.

பிறகு அவள் கூரைமேல் ஏறினாள். கூரையில் வரிசையாகப் பித்தளைக் காளான்கள் இருக்கின்றன, காற்று வந்து போக, மூடி போட்ட சின்னச் சின்னக் குடைகள், ஞாயிறுதோறும் நார்மன் அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்குவான், போகிறவர் வருகிறவர் பார்த்து மெச்ச வேண்டுமே. ஒன்றின் மூடியைத் திருகி, உள்ளே விரலை விட்டு, எதையோ இழுத்தாள். காலுறை. ஆரஞ்சும் பழுப்பும் பட்டை போட்ட காலுறை. இன்னொரு காளானிலிருந்து அதன் ஜோடி. அதற்கு அடுத்ததில் பச்சை. என் காலுறைகள், ஐயோ, நான் பின்னிய காலுறைகள், கிறிஸ்துமஸுக்கு நான் உட்கார்ந்து குதிகால் திருப்பம் திருப்பமாகப் பின்னி இவனுக்குக் கொடுத்தது, துவைக்கிற கடையில் தொலைந்துபோய்விட்டது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். நானும் அந்தக் கடைக்காரியிடம் போய்ச் சண்டை பிடித்தேனே, பாவம் அவள். "எல்லாப் படகுக்காரனும் செய்யற முட்டாத்தனம்தான் இது, ஒருத்தன் மிச்சமில்ல," என்று ரோஸ் மேலிருந்து சொன்னாள், "வெண்ணெய் டப்பா, பழைய பிரா, டெடி பொம்மை, எல்லாம் எடுத்திருக்கேன். ஆனா இவ்வளவு அழகா பின்னினதை இப்பதான் பார்க்கறேன்." நான் நார்மனைப் பார்த்தேன். அவன் கால்வாயைப் பார்த்துக்கொண்டே, "காத்து வருது காத்து வருதுன்னு நீதானே பாட்டு பாடின. இது கம்பளி, நல்லா அடைக்கும்," என்றான். நல்லா அடைக்கும். நான் குளிர்கிறது என்றேன், அவன் என் கம்பளியை எடுத்து எனக்குக் காற்று வராமல் அடைத்தான், கேட்டால் அக்கறை மாதிரிதான் இருக்கிறது, இந்த மனுஷனுடைய அக்கறை எல்லாம் இப்படித்தான், ஆளைக் கொன்றுவிடும்.

விஷவாயு அலாரம் எங்கே என்று கேட்டாள். எஞ்சின் அறையில் இருந்தது, துணியில் சுற்றி. பன்றி இறைச்சி வறுத்தால் கத்துகிறது என்று பழி போட்டு அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான். "எப்ப வறுத்தாலும் கத்திச்சா? இல்ல அடுப்பு உள்ள இருக்கும்போது வறுத்தா மட்டும் கத்திச்சா?" அவன் தோள்பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டான். புகைக்குழாய் கூரையில் நுழைகிற இடத்தில் சிமென்ட் வெடித்திருக்கிறது, அடுப்புக் கதவின் இடுக்கை அடைக்கிற கயிறு கருகி உதிர்ந்திருக்கிறது, உள்ளே எரிந்து அடங்குகிற நெருப்பின் வாயு, கார்பன் மோனாக்சைடு, மேலே போகாமல் எங்களிடமே திரும்பியிருக்கிறது, நிறம் இல்லை, நாற்றம் இல்லை, குளிர்காலம் பூராவும். ரோஸ் இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், தலைவலி உண்டா கண்ணு? உண்டு. குமட்டல்? உண்டு. "எதுக்கெடுத்தாலும் எரிச்சலா வரும், எதிர்ல இருக்கறவன் மூச்சு விட்டாக்கூடப் பத்திக்கிட்டு வரும், காரணமே இல்லாம அழுகை வரும்? வெளிய போனா எல்லாம் சரியாப் போயிடும்?" நான் தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே நின்றேன், நிறுத்தத் தெரியவில்லை. "அதேதான். அது நீ இல்ல, அது வாயு."

அது நான் இல்லையாம். கேளுங்கள் கதையை. பெட்டி கட்டியது நான் இல்லை, மென்னாவிடம் அழுதது நான் இல்லை, அவன் தொண்டையைக் கனைக்கும்போது கையிலிருக்கும் கத்தியைப் பார்த்தது நான் இல்லை, எல்லாம் ஒரு இரும்புக் குழாயில் இருந்த விரிசல். எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு முடிவுக்கு வந்தேன், எத்தனை காலை அந்தப் பின் அறையில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பார்த்தேன், என்னைக் கேட்காமல் வீட்டை விற்றது, என் தையல் மிஷினைத் தூக்கிக் கொடுத்தது, என் அம்மா செத்த வாரம் பப்பில் வினாடி வினாவுக்குப் போனது... இதெல்லாம் வாயு இல்லையே? வால்சாலில் வாயு இல்லை, அங்கே ரேடியேட்டர் இருந்தது, நன்றாகச் சுட்டது. இருந்தது சரி, ஆனால் அங்கே நான் பெட்டி கட்டவில்லையே, எரிச்சல்பட்டேன், முணுமுணுத்தேன், ஞாயிறு இறைச்சியைக் கருகவிட்டேன், போகவில்லை. எந்தப் பாதி அவன், எந்தப் பாதி அடுப்பு? இதை யார் பிரித்துக் கொடுப்பார்கள், இந்த மீட்டரா? வயிறு எரிகிறது, ஒரு மனுஷிக்கு மிச்சமாக இருந்தது இந்தக் கோபம் ஒன்றுதான், அதையும் ஒருத்தி வந்து உன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ரோஸ் தன் வேனிலிருந்து பெரிய கப்பில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், சர்க்கரை அள்ளிப் போட்டது, இரண்டு பேரும் இன்று டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மிரட்டினாள், பார்க்கிறோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு பேச்சு என்ன போடுவது என்பதற்குத் திரும்பியது, இந்த வாரம் முழுக்கக் குளிர்தானே, ஏதாவது போட்டாக வேண்டும். நார்மனுக்குக் குரல் திரும்பிவிட்டது. "பப்புக்கு வர்ற லெஸ் வெச்சிருக்கான் பாரு, சக்கரம் வெச்ச காஸ் ஹீட்டர், அதுல ஒண்ணு வாங்கி உள்ள உருட்டிவிட்டா போச்சு." "உருட்டிவிடு. அப்படியே சவப்பெட்டிக்காரனையும் வரச் சொல்லிடு, ஒரே செலவா போயிடும். அது உங்க காத்தையே தின்னுட்டு, ஈரத்தைக் கக்கும்." "அப்ப கரண்ட்டுல ஓடறது?" "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை இடம் மாத்தற ஆளுங்க நீங்க, கரண்ட்டுக்கு எங்க போவே? அந்த வாத்துகிட்ட கேட்டுப் பாரு, பிளக் வெச்சிருக்கான்னு." எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்தது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டு, ஏதோ தப்பு செய்த மாதிரி நிறுத்திக்கொண்டோம். மிச்சம் இரண்டுதான் என்றாள். இதே அடுப்பை ஒழுங்காகச் செய்வது, புதுக் குழாய், புதுக் கயிறு, காளான் எல்லாம் திறந்தபடி, நெருப்பை ராத்திரி மூடி அடக்குகிற வேலையே கூடாது, தினமும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் டீசல் ஹீட்டர், அது மூடின பெட்டி, எரிய வேண்டிய காற்றை வெளியிலிருந்தே இழுக்கும், புகையை வெளியிலேயே துப்பும், கேபின் காற்றைத் தொடவே தொடாது, சூடு மட்டும் குழாய் வழியாக உள்ளே வரும். எதைப் போட்டாலும் அலாரம் இரண்டு, ஒன்று முன்னால், ஒன்று படுக்கிற இடத்தில். "டீசல் ஒரு சூடா? வாழ்க்கை பூரா டீசல் முன்னாலயே உட்கார்ந்தவன் நான்," என்றான் நார்மன். "அப்ப வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்," என்றாள் அவள்.

அடுப்பு வேண்டும் என்று அடம்பிடிப்பான், அதுதானே அவன். எனக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது, டீசல், பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லாதது, தனியாக இருக்கிறவன் மறந்தாலும் கொல்லாதது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் தனியாகத்தானே... ஆனால் அவன் கரியின் கறுப்பு அப்பிய புல்லைக் காலால் கிளறிக்கொண்டு நின்றான், பிறகு ரோஸிடம் சொல்கிற மாதிரி, என்னைப் பார்க்காமல், "எனக்கும் இருந்துச்சு. தலைவலி. விறகு வெட்டப் போனா போயிடும். கரையில நின்னு யார்கூடவாவது பேசிக்கிட்டிருந்தா போயிடும். திரும்பி உள்ள வந்தா பிடிச்சுக்கும். நான் என்னமோ..." என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திவிட்டான். என்னமோ என்றால் என்ன? எனக்குத் தெரியாதா என்ன. கரைப்பாதையில் விறகைப் பிளந்துகொண்டு அவன் விசிலடிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும், என்னைவிட்டு வெளியே போனால் எவ்வளவு சந்தோஷம் பார் இவனுக்கு என்று. சந்தோஷம்தான். உள்ளே வந்தால் வலிக்கிறது, உள்ளே யார் இருக்கிறாள், நான் இருக்கிறேன். அவனும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறான், குளிர்காலம் பூரா, அந்த பெஞ்சில் படுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இவனுக்கு என்னால் தலைவலியா, என்ன தைரியம் என்று. வரவில்லை, எங்கேயோ தேடிப் பார்த்தேன், அவமானம் மாதிரி ஒன்றுதான் கையில் தட்டுப்பட்டது.

"டீசலே போடு," என்றான் அவன், என்னைக் கேட்காமல், வழக்கம்போல. நான் சொல்ல இருந்ததையே சொன்னான், அதனாலேயே எரிச்சலாக இருந்தது, அப்பாடா, அது இன்னும் இருக்கிறது, எல்லாம் வாயு இல்லை. ரோஸ் உள்ளே இறங்கி அளவு நாடாவை நீட்டினாள், முன் கேபின், சமையல் இடம், குளியல் அறைக் கதவு, எல்லாக் கதவும் திறந்து கிடக்க, குளிர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் வாசல் படியில் அவள் அனுமதிக்குக் காத்துக்கொண்டு நின்றோம், விருந்தாளிகள் மாதிரி. அவள் பின் அறைக் கதவைத் தள்ளி, என் கட்டில்வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். "பெஞ்சுல ஒருத்தர் படுக்கறீங்க, அதுக்கு முன்னால சூடு வர ஒரு குழாய் வாய் வெச்சாப் போதும். இங்க பின்னால யாராச்சும் படுக்கறீங்களா? அப்படின்னா இதுவரைக்கும் குழாய் இழுக்கணும், அலமாரியைக் கொஞ்சம் வெட்டணும். இல்லன்னா வேலையே இல்ல, முன்னாலேயே முடிச்சுடுவேன். என்ன பண்ணட்டும்?"

நார்மன் சொல்வான். டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்கிறவன், ஹோட்டலில் எனக்கு மீனா கோழியா என்று சொல்கிறவன், இப்போதும் சொல்வான், ஆமாம் இழு என்றோ, வேண்டாம் முன்னாலேயே முடி என்றோ, நான் காத்துக்கொண்டு நின்றேன், எது சொன்னாலும் எனக்குக் கோபித்துக்கொள்ள வசதி. அவன் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான், கண்ணோரம் சிவந்து, மூக்கு ஒழுக, கிழவனாகி எத்தனை நாளானது இவனுக்கு... பார்த்துக்கொண்டே நின்றான். கட்டிலுக்கு அடியில் இருக்கிற பை அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் அந்த முகம் சொன்னது, இல்லை, குளிர்தானோ. இழு என்று சொல்லு என்று கெஞ்சுகிறானா, வேண்டாம் என்று சொல்லித் தொலையேன் என்கிறானா, இத்தனை வருஷம் படித்த முகத்தில் அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. ரோஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அவசரமில்ல கண்ணு," என்றாள். தலை வலிக்கவே இல்லை, இந்தக் குளிர்காலத்தில் இந்தப் படகில் இவன் பக்கத்தில் நிற்கும்போது முதல் தடவையாக, கொஞ்சம்கூட இல்லை, எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது, வாயைத் திறந்துவிட்டேன், என்ன சொல்லப் போகிறேன் என்பது மட்டும் தெரியவில்லை.